டெக்கோ என்ற சொல்லும் கிருபாவதி மேடமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காட்பாடி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தேன். ஷீபாவிடமிருந்து போன் வந்தது. ஷீபா வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கிருபாவதி மேடத்தின் தம்பி மகள். போனில் பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிப் போகும் சத்தம் கேட்டது.

"அங்கிள், அத்தை போய்ட்டாங்க. காலைல அஞ்சரைக்கு. ரொம்ப கஷ்டப்படல."

எப்போது அடக்கம் என்று கேட்டேன். இன்று மாலையே, ஆம்பூரில் என்றாள். படியேறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய், ஆம்பூர் வழியாகப் பெங்களூர் கிளம்ப நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பாலாறு, மணல், புளியமரங்கள் எல்லாம் ஜன்னலில் ஓடின. நான் எதையும் பார்க்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிருபாவதி அவர்கள் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ தொழிற்சாலையில் ஏறக்குறைய முப்பது வருடம் வேலை செய்தவர். முதல் பாதி ஏற்றுமதிப் பிரிவில், ஆங்கிலக் கடிதங்களை எழுதவும் டைப் அடிக்கவும். பிற்பாதி, ஷூக்களைக் கடைசியாகச் சோதித்துப் பெட்டியில் வைக்கும் மேஜையில். தமிழ் வழியில் படித்து, அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் பி.ஏ. முடித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பூரைத் தாண்டி அவர் அதிக தூரம் போனதாகவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லை அவர் அறிந்திருந்த அளவுக்கு அதை அறிந்தவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லால்தான் என் வேலை பிழைத்தது.

நான் வாலாஜாபேட்டைக்காரன். அந்தத் தொழிற்சாலையிடம் ஷூ வாங்கும் இங்கிலாந்து கம்பெனி ஒன்றின் சென்னை அலுவலகத்தில் தரம் பார்க்கும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். என் மேலதிகாரி லண்டனில் இருந்த வயதான ஆங்கிலேயர். அவர் எழுதும் மெயில்களில் 'டெக்கோ' என்றொரு சொல் அடிக்கடி வரும். 'ஹேவ் எ டெக்கோ' என்பார், 'டேக் எ டெக்கோ' என்பார். பார்ப்பது தொடர்பான ஏதோ ஒன்று என்று எனக்குப் புரிந்தது. அகராதியைப் புரட்டவில்லை. அந்தச் சொல்லில் ஒரு மிடுக்கு இருப்பதாக எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

ஓர் ஐப்பசி மாதம், பெங்களூர் போகும் வழியில் ஆம்பூரில் இறங்கி அந்தத் தொழிற்சாலையை எட்டிப் பார்த்தேன். முறையான ஆய்வு அடுத்த வாரம்தான். ஷூக்கள் பாதி வேலையில் இருந்தன. பத்து நிமிடம் சுற்றினேன், டீ குடித்தேன், கிளம்பிவிட்டேன். ரயிலிலேயே தொழிற்சாலைக்கு ஒரு வரி மெயில் அனுப்பினேன். 'ஹேட் எ டெக்கோ அட் தி லாட். லுக்ஸ் குட்.' என் அதிகாரியைப் போல நானும் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் காய்ச்சல். நான் போகும் முன்பே சரக்கு கப்பலேறிவிட்டது. இங்கிலாந்தில் இறக்கிப் பெட்டிகளைத் திறந்தால் ஷூவெல்லாம் பூஞ்சை. சரக்கு மொத்தமும் நிராகரிக்கப்பட்டது. 'ஆம்பூருக்குப் போ, என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு வா' என்று லண்டனிலிருந்து எனக்கு உத்தரவு வந்தது.

முதலாளியின் அறையில் என்னை உட்காரவைத்தார்கள். மேலாளர் என் மெயிலை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். டெக்கோ என்ற சொல்லின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு.

"இது நீங்க எழுதினதுதான சார்?"

"ஆமா சார்."

"பாத்தேன், நல்லாருக்குன்னு எழுதிருக்கீங்க. அப்போ இது அப்ரூவல். அப்ரூவல் வந்துச்சு, நாங்க அனுப்பிட்டோம். பொறுப்பு உங்களுது."

நான் எழுதிய சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. ஆய்வு செய்யாமலே அனுமதி கொடுத்தவன் என்று லண்டனுக்கு ஒரு கடிதம் போனால் அன்றோடு என் வேலை முடிந்தது. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மா, படித்துக்கொண்டிருந்த தங்கை. நான் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை டைப் அடிக்க கிருபாவதி மேடத்தை அழைத்தார்கள். அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். வெளிர்நீலப் புடவை, ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி. மேலாளர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் நின்றபடியே கேட்டார். பிறகு என் மெயிலைக் கையில் எடுத்துப் படித்தார்.

"இந்த லெட்டர என்னால அடிக்க முடியாது சார்."

"இன்னா மேடம்? டைப் அடிக்கிறதுதான உங்க வேலை?"

"ஆமா சார். ஆனா இவரு எழுதினது அப்ரூவல் இல்ல. டெக்கோன்னா இன்ஸ்பெக்‌ஷன் இல்ல. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போறது."

முதலாளி சிரித்துவிட்டார். அவர் வீட்டில் உருது பேசுபவர். "மேடம், அந்த வார்த்தைக்கு எனக்கே அர்த்தம் சொல்றீங்களா? தேக்கோ எங்க வீட்டு வார்த்தை. பாருன்னா பாருதான். அதுல என்ன சும்மா பாக்குறது, நல்லா பாக்குறது?"

"உங்க வீட்டு வார்த்தைதான் சார். ஆனா அது அவங்க ஊருக்குப் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. உங்க வீட்டுல ஒருத்தரப் பாத்து 'பாரு'ன்னு சொல்றதுக்கு அது. அங்க யாரும் யாருக்கும் அப்படிச் சொல்றதில்ல. அங்க அது ஒரு பார்வைக்குப் பேரா ஆகிடுச்சு. அதுவும் கனமில்லாத பார்வை. வெளையாட்டா, தோஸ்துகிட்ட பேசற மாதிரி பேசறப்போ வர்ற வார்த்தை. ரெண்டு நிமிஷம் குடுங்க, காட்றேன்."

வெளியே போனவர் ஒரு பழைய அட்டைக் கோப்போடு வந்தார். அதில் இருந்தவை என் அதிகாரி அந்தத் தொழிற்சாலைக்குப் பல வருடங்களாக எழுதியிருந்த கடிதங்களின் நகல்கள். டெக்கோ என்ற சொல் வந்த கடிதங்களை மட்டும் மேடம் தனியே எடுத்து வைத்திருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எதற்காவது பயன்படும் என்று நினைத்தும் அவர் செய்யவில்லை. முதல் தடவை அந்தச் சொல் வந்தபோது, அது ஏதோ மெஷினின் பெயர் என்று அலுவலகமே சென்னைக்கு போன் போட்டு விலை விசாரித்ததாம். அகராதியில் தேடியபோது, பேச்சு வழக்கு, பார்வை என்று மட்டும் இருந்ததாம். அவருக்கு அது போதவில்லை. அடுத்து வந்த ஒவ்வொன்றையும் சேர்த்து வைக்க ஆரம்பித்திருக்கிறார்.

ஒவ்வொரு தாளாக முதலாளியின் முன்னால் வைத்தார். ஒன்றில் என் அதிகாரி, பழுப்பு நிற ஜோடியைத் தன் மனைவி ஒரு டெக்கோ பார்த்ததாகவும், அவளுக்குப் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். இன்னொன்றில், வேலை முடிந்ததும் ஏலகிரி மலையை ஒரு டெக்கோ பார்க்க நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தார். மற்றொன்றில், சாம்பிள் அனுப்பவேண்டாம், போட்டோ போதும், டெக்கோவுக்குத்தானே என்றிருந்தார்.

"மலையை யாரும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ண மாட்டாங்க சார்," என்றார் மேடம்.

கடைசித் தாளை அவர் உடனே வைக்கவில்லை. ஒருமுறை தானே படித்துப் பார்த்துக்கொண்டு வைத்தார். 'வரைபடங்களை ஒரு டெக்கோ பார்த்தேன். திங்கட்கிழமை முறையாகச் சோதித்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன்.'

"ரெண்டும் ஒரே லெட்டர்ல இருக்கு சார். டெக்கோ வேற, சோதிக்கிறது வேற. அவங்க பெரிய அதிகாரியே எழுதினது. இத வச்சிக்கிட்டு நாம அப்ரூவல்னு எழுதினா, அவரு சிரிப்பாரு."

முதலாளி தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதிய சொல்லின் பொருள் என்னிடம் இல்லை. அந்தப் பெண்மணியின் அட்டைக் கோப்பில் இருந்தது.

"அப்போ தப்பு எங்க நடந்துச்சு?" என்றார் முதலாளி.

"பேக்கிங் ரூம்ல சார். மழைல அட்டப்பெட்டி எல்லாம் ஈரம். ஷூவும் முழுசா காயல. அவசரத்துல அப்படியே மூடிட்டோம்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன வாரம் நானே போய்ப் பாத்தேன். மீந்து போன ஜோடிங்களப் பிரிச்சி உள்ள கைவிட்டுப் பாத்தேன். எல்லாத்துலயும் பூஞ்சை."

பேக்கிங் பெண்களில் ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை என்பதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். முதலாளி மெயிலை மடித்து என்னிடம் நீட்டினார்.

"வேற லெட்டர் எழுதுங்க மேடம். நடந்தது நடந்தபடி எழுதுங்க. திருப்பிச் செஞ்சு தர்றோம்னு எழுதுங்க."

நடந்தபடியே எழுதினார். புதிதாகச் செய்து அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். ஆர்டரும் போகவில்லை, என் வேலையும் போகவில்லை. என் அதிகாரி மட்டும் எனக்கு ஒரு வரி எழுதினார்: அலுவல் கடிதத்தில் டெக்கோ என்று எழுதாதே, நான் கிழவன், எனக்கு மட்டும் சலுகை.

கடிதம் எழுதிய அன்று மதியமே கேன்டீனில் மேடத்தைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்கு சார் தேங்ஸ்? உங்களுக்காகப் பண்ணல. உங்க பேரே எனக்கு இப்பதான் தெரியும்," என்றார். சற்று யோசித்துவிட்டு, "அந்த வார்த்தை அப்படிச் சொல்லல. அத அப்படிச் சொல்லவெக்கக் கூடாது இல்ல?" என்றார்.

எனக்கு அது அன்று முழுதாகப் புரியவில்லை. ஒரு சொல்லுக்காக ஒருவர் தன் வேலையைப் பணயம் வைப்பாரா என்று நினைத்தேன்.

ஒரே மாதத்தில் மேலாளர் அவரைக் கடிதப் பிரிவிலிருந்து தூக்கிச் சோதனை மேஜையில் போட்டார். "நல்லா பாக்குறதுக்கும் சும்மா பாக்குறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்க நீங்கதான மேடம். போய்ப் பாருங்க," என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். முதலாளி வெளிநாடு போயிருந்த நேரம். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில், ஐம்பது பெண்களுக்கு நடுவே மேடம் போய் நின்றார். முதல் வாரத்தில் இரண்டு இடதுகால் ஷூவை ஒரே பெட்டியில் வைத்துவிட்டாராம். "எனக்கு லெட்டர்தான் தெரியும். கால் எதுன்னு தெரியல," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். முதலாளி திரும்பி வந்து, பழைய இடத்துக்கே வாருங்கள் என்று கூப்பிட்டபோது அவர் போகவில்லை. "இருக்கட்டும் சார். இப்பதான் பாக்கக் கத்துக்கறேன்," என்றாராம்.

என் வேலை அந்த மேஜைக்கு வருவதுதான் என்பதால் அதன்பின் மாதம் இரண்டு முறையாவது அவரைச் சந்தித்தேன். மூன்றாம் வருடம், நான் பூதக்கண்ணாடி வைத்தும் தவறவிட்ட ஒரு மயிரளவு கீறலை அவர் விரலால் தடவியே காட்டினார். சார் என்று அழைத்தவர் தம்பி என்று அழைக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

என் அதிகாரி ஓய்வு பெறுவதற்கு முன் ஒருமுறை ஆம்பூர் வந்தார். அந்தக் கடிதத்தை எழுதியவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். மேடம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தச் சொல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான். அவர் தாத்தா வாயிலிருந்து வந்ததாம். தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவில் சில வருடம் இருந்தவராம். என் அதிகாரியோ அதை லண்டன் தெருவில் பிறந்த சொல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

மேடம் அவரைத் தோல் வெட்டும் பகுதிக்குக் கூட்டிப் போனார். அங்கே இம்தியாஸ் பாய் கட்டிங் மாஸ்டர். ஒரு பெரிய தோலை மேஜையில் விரித்து, பக்கத்தில் இருந்தவரை நோக்கி, "அரே, இதர் தேக்கோ!" என்று, அதாவது இங்கே பார் என்று, சத்தம் போட்டார். கிழவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் கலங்கின. "மறுபடி சொல்லச் சொல்லுங்கள்," என்றார். பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா மேடம் இவருக்கு?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாக, "தேக்கியே சாப்," என்றார்.

"பாத்தீங்களா தம்பி, மரியாதைன்னா அது தேக்கியே ஆகிடுது," என்று மேடம் என் காதில் சொன்னார். "அந்த தேக்கியே மட்டும் கப்பலேறல. பட்டாளத்துக்காரங்க காதுல விழுந்தது தேக்கோதான். அவங்ககிட்ட யாரு மரியாதையா பேசிருப்பாங்க, இல்ல அவங்கதான் யாருகிட்ட பேசிருப்பாங்க?"

நான் அந்த வாக்கியத்தைப் பல நாள் சுமந்து திரிந்தேன். எந்தப் புத்தகத்திலும் இருந்து அவர் அதை எடுக்கவில்லை.

தமிழில் அதற்கு நேரான சொல் எது என்று எங்களுக்குள் ஒரு விவகாரம் வருடக்கணக்கில் நடந்தது. நோட்டம் என்றேன். "அதுல சந்தேகம் இருக்கு. திருடன்தான் நோட்டம் விடுவான்," என்று தள்ளிவிட்டார். எட்டிப் பார்ப்பது என்றேன். "அதுக்குக் கதவோ சுவரோ வேணும்." லுக்கு விடுவது என்றேன். "தயாளன் தம்பி, எனக்கு வயசாகிடுச்சு," என்று சிரித்தார். ஒரு நாள் அவரே போன் செய்து, "ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன்னு சொல்றோமே, அது கிட்ட வருது. ஆனா அதுக்கு நடக்கணும். இவங்களது உக்காந்த எடத்துலயே முடிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் அவரிடம் நான் வியந்தது சொற்களை மட்டும் அல்ல. ஒருமுறை ஒரு லாட் சரக்கில் வரிசையாகப் பழுது கண்டேன். எல்லாம் வள்ளியம்மாள் என்ற பெண் சோதித்த ஜோடிகள். சூப்பர்வைசர் அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். மேடம் என் பக்கம் வந்து, "ஷூவப் பாக்காதீங்க தம்பி. அவங்க தலையப் பாருங்க," என்றார்.

பார்த்தேன். வள்ளியம்மாள் ஒவ்வொரு ஷூவையும் எடுத்ததும் தலையை இடப்பக்கம் சாய்த்தார், கோழி பார்ப்பது போல. வலக்கண்ணில் புரை வளர்ந்திருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்தாராம். நானும் அந்த இரண்டு வருடமும் அதே மேஜைக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். மறுநாள் மேடம் விடுப்பு போட்டு வள்ளியம்மாளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அறுவை முடிந்து ஒரு மாதத்தில் அந்த அம்மா மேஜைக்குத் திரும்பினார். தப்பு ஜாஸ்தி, வேகம் கம்மி என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

கடைசியாகச் சென்ற மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கல்லீரலில் நோய். மிகவும் மெலிந்திருந்தார். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஓர் இளம் டாக்டர் வாசலில் நின்று தலையை நீட்டி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "டெக்கோ," என்றார். இருவரும் சிரித்தோம்.

பிறகு சொன்னார்: "நேத்து பெரிய டாக்டர் வந்தாங்க. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. கண்ணு, நகம், வயிறு எல்லாம் மெதுவா பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்க பாத்த விதத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு தம்பி." அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இல்லை. நல்ல வேலையைக் கண்டவர் போலவே சொன்னார்.

செவ்வாய் மாலை ஆம்பூரில் அவர் வீட்டு முன் சாமியானா போட்டிருந்தார்கள். இரண்டு கம்பெனி பஸ்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள், நீலக் கோட்டோடு அப்படியே. இம்தியாஸ் பாய் வயதான காலத்தில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஜெபம் முடிந்து பெட்டியை மூடப் போகும் நேரத்தில் ஷீபா, "கொஞ்சம் இருங்க," என்றாள். அத்தையின் மூக்குக்கண்ணாடி அவள் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றியது. அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அதனால்தான் வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் தயங்கி நின்றிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஷீபா துப்பட்டா நுனியால் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு முறை துடைத்து, அத்தைக்கு மாட்டிவிட்டாள். பிறகு மூடினார்கள்.

மேடம், அன்று நீங்கள் காப்பாற்றிய வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். நாளை காலை உங்கள் மேஜையில் எனக்கு ஒரு லாட் இருக்கிறது. அவசரப்படமாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.